அம்மா வந்திருக்காங்க

வராத பிள்ளைகளின் பெயரைத்தான் அன்னம்மா டீச்சர் முதலில் கூப்பிடுகிறார். வந்தவர்கள்தான் கண்ணெதிரே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களைக் கூப்பிட்டு என்ன ஆகப்போகிறது என்பது அவருடைய கட்சி. பாயில் காலியாகக் கிடக்கும் இடத்தைப் பார்த்து, "உம்மு சல்மா?" என்பார். உம்மு சல்மாவின் பக்கத்து வீட்டுப் பெண் எழுந்து காரணம் சொல்ல வேண்டும்.

"அவ லாத்தாவுக்கு நிக்காஹ், டீச்சர்."

"அக்கா கல்யாணத்துக்கு எத்தனை நாள் வரமாட்டா?"

"சோறு தீர்ற வரைக்கும், டீச்சர்."

அந்தக் காரணம் உடனே வருகைப் புத்தகத்தில் ஏறிவிடும். மற்றப் பள்ளிக்கூடங்களில் ஒரு புள்ளி வைத்து முடித்துவிடுவார்கள். இவர் சிவப்பு மையில் தாமே கோடிழுத்து ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார். அதற்குத் தலைப்பு ‘காரணம்’. புரட்டிப் பார்த்தால் பொழுது போவதே தெரியாது. ‘பசு கன்று ஈன்றது, உண்மை.’ ‘தலைவலி, பொய்.’ ‘தகப்பனாரோடு ட்ராம் வண்டி பார்க்கப் போனாள், உண்மை, வெட்கமில்லாத உண்மை.’ பிள்ளை பொய் சொன்னால் அடிப்பது கிடையாது. அடுத்த நாள் அந்தக் கட்டத்தை அவளையே உரக்கப் படிக்கச் சொல்வார். அதற்குப் பிரம்படியே தேவலை என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்.

பள்ளிக்கூடம் என்று பெயரே தவிர, சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிகிற சந்தில் மசாலா அரைக்கும் கடைக்கு மேலே இரண்டு அறை. பத்தொன்பது பெண் பிள்ளைகள், இரண்டு நீளப் பாய், ஒரு கரும்பலகை, ஒரு நாற்காலி. நாற்காலியில் டீச்சர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அவருடைய குடையும் பையும்தான் அதில் ராஜ்யம் செய்யும். கீழே மிளகாய் அரைக்கிற நாளில் மேலே வாய்ப்பாடு தும்மலோடு நடக்கும். இந்துப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், வேதக்காரப் பிள்ளைகள், எல்லாரும் ஒன்றாகத் தும்முகிறார்கள்.

டீச்சருக்கு வயது நாற்பத்தைந்துக்கு மேல். மெலிந்த உடம்பு, மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கை, கழுத்தில் நூலில் கோத்த சிறிய சிலுவை. மலாக்காவில் பிறந்து, பெற்றவர்கள் முகம் தெரியாமல், கன்னிமார் மடத்தில் வளர்ந்தவர். தமிழ் அவருக்குப் புத்தகத்திலிருந்தும் மடத்துக் கன்னியாஸ்திரியிடமிருந்தும் வந்தது. மடியில் போட்டுத் தாலாட்டியவள், முற்றத்தில் நின்று சண்டை போட்டவள் என்று யாரும் அவருக்குத் தமிழ் ஊட்டவில்லை. ஆகவே இலக்கணம் சுத்தமாக இருக்கும். வீட்டுப் பேச்சில்தான் அங்கங்கே ஓட்டை. ஒருமுறை ஒரு தாய், "மகளுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தியிருக்கோம்" என்று சொல்லி அனுப்பினாள். பிள்ளை பெரிய மனுஷியாகிவிட்டாள் என்ற சமாசாரம் அது. டீச்சர், "ஈரத்தலையோட வந்தா என்ன, காயட்டும், அனுப்புங்க" என்று பதில் சொல்லிவிட்டார். சந்தே சிரித்தது.

தப்பு செய்தால் ஒப்புக்கொள்கிற வழக்கமும் அவரிடம் கிடையாது. கரும்பலகையில் எழுத்துப் பிசகிவிட்டால், எந்தப் பிள்ளையாவது சுட்டிக் காட்டினால், முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாது. "யாரு கண்டுபிடிக்கிறீங்கன்னு பாத்தேன்" என்பார். துணியை எடுத்து அழிப்பார். பத்தொன்பது பேரும் உதட்டைக் கடித்துக்கொள்வார்கள்.

இப்படிப்பட்டவருக்குத்தான் இந்தப் பங்குனியில் வினை வந்தது. வசந்தத்தைச் சொல்லிக் கொடுக்கப் போய் வந்தது.

சிங்கப்பூரில் வசந்தம் ஏது? தை மாதமும் வெயிலும் மழையும், ஆடி மாதமும் அதேதான். ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் வசந்தம் வந்தால் பனி உருகுகிறது, ஆட்டுக்குட்டி துள்ளுகிறது. தமிழ்ப் புத்தகத்தில் தென்றல் வீசுகிறது, குயில் கூவுகிறது. பிள்ளைகள் இரண்டையும் மாரியம்மன் தாலாட்டு போல ஒப்பித்தார்கள், ஒன்றும் விளங்கவில்லை.

"பனின்னா என்ன டீச்சர்?" என்று கேட்டாள் செல்லக்கண்ணு. பால்காரர் மகள், வாய்த்துடுக்கு.

"ஐஸ் கடையில மரத்தூளுக்குள்ள வச்சிருப்பாங்களே, அதுதான். அங்கேயெல்லாம் ஊர் பூரா கொட்டிக் கிடக்கும்."

"அவ்வளவு மரத்தூளுக்கு எங்க போவாங்க?"

டீச்சர் புத்தகத்தை மூடினார். மறுநாள் காலை பிள்ளைகளை வரிசையாக ரோட்டுக்கு இறக்கினார். அங்சானா மரங்கள் பூத்திருந்தன. ஊரில் வேங்கை என்போமே, அதற்குச் சொந்தக்கார மரம். வருஷத்தில் ஓரிரு நாள்தான் அது பூக்கும். பூத்த அன்றே கொட்டிவிடும். ரோடு முழுக்க மஞ்சள். ட்ராம் தண்டவாளம் மட்டும் இரண்டு கோடாகத் தெரிந்தது. "இதுதான் நமக்கு வசந்தம். நாளைக்குப் பெருக்கிடுவாங்க, இன்னைக்கே பாத்துக்குங்க" என்றார். பிள்ளைகள் பாவாடையில் அள்ளிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு மாடி அறை ஒரே அமர்க்களம். சிரட்டையில் பச்சைப்பயறு முளைக்கப் போட்டார்கள், பட்டம் விடுகிற காகிதத்தில் பூச் செய்தார்கள், நூலில் கோத்துத் தோரணம் கட்டினார்கள். சித்திரை பிறக்கிற அன்று தாய்மார்கள் எல்லாரும் மாடியேறி வந்து இதைப் பார்க்க வேண்டும் என்பது டீச்சரின் ஏற்பாடு.

அந்த அமளிக்கு நடுவேதான் ஒருநாள் காலியிடத்தைப் பார்த்து, "ரத்தினம்மா?" என்றார்.

செல்லக்கண்ணு எழுந்தாள். "அவ வீட்டுக்கு அம்மா வந்திருக்கா, டீச்சர்."

டீச்சருக்கு முகம் மலர்ந்தது. ரத்தினம்மா இங்கே அப்பாவோடும் அத்தையோடும் இருக்கிற பிள்ளை. அவளைப் பெற்றவள் நாகப்பட்டினத்தில். பங்குனிக் கப்பலில் அம்மா வருவாள், வருவாள் என்று அந்தப் பிள்ளை இரண்டு மாதமாக எல்லார் காதையும் புளிக்க வைத்திருந்தாள். வந்துவிட்டாள் போலிருக்கிறது. ஆனால் டீச்சர் டீச்சர்தானே, காதில் வேறொன்று இடித்தது.

"வந்திருக்கா இல்ல. வந்திருக்காங்க. பெத்தவங்களுக்கு மரியாதை குடுக்கணும். எங்க, எல்லாரும் சொல்லுங்க."

"அம்மா வந்திருக்காங்க" என்று மற்றப் பதினேழு பேரும் சொன்னார்கள். செல்லக்கண்ணு கொஞ்சம் விழித்தாள். பிறகு அவளும் சொன்னாள். ‘தாயார் வந்திருக்கிறார், உண்மை’ என்று சிவப்புக் கட்டத்தில் ஏறியது.

அங்கேதான் கோட்டை விட்டார் டீச்சர். பெற்றவளுக்கு ‘காங்க’ போடலாம். மாரியாத்தாளுக்கு யார் போடுவார்கள்? உடம்பில் வைசூரி போட்டால் நம் சனங்கள் அந்தப் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். அம்மா வந்திருக்கா என்பார்கள். பிள்ளை சரியாகத்தான் சொன்னாள். டீச்சர் திருத்தினார். அந்தத் திருத்தத்தில் நோய் மறைந்துபோயிற்று.

எட்டு நாள் அதே காரணம். தாயும் மகளும் கொஞ்சிக்கொள்ளட்டும் என்று டீச்சர் விட்டுவிட்டார். ஒன்பதாம் நாள், புதன்கிழமை, சித்திரை விழாவுக்கு அழைப்பு எழுதியபோது, புதிதாக வந்த தாயை மரியாதையாகக் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. செல்லக்கண்ணு, ஜைனப், தங்கம் மூன்று பேரையும் அழைத்தார். கையில் ஒரு காகிதப்பூ மாலையும் தட்டில் அன்று அள்ளிக் காயவைத்த அங்சானாப் பூவும் கொடுத்தார். "ரத்தினம் வீட்டுக்குப் போய், அம்மாவைப் பாக்க வந்திருக்கோம்னு சொல்லுங்க. மாலையை நீங்களே போடுங்க. நல்லாக் கும்பிடுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

இதைவிடப் பொருத்தமாக ஒருவர் பிள்ளைகளை நெருப்புக்குள் அனுப்ப முடியாது. அம்மை கண்ட வீட்டில் பிறத்தியாரை வாசற்படி ஏற்றமாட்டார்கள். ஆனால் பூவும் மாலையும் கொண்டுவந்து, அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று மூன்று பெண் குழந்தைகள் நின்றால்? ரத்தினம்மாவின் அத்தைக்குக் கண் கலங்கிவிட்டதாம். வேதக்கார டீச்சருக்கே ஆத்தா மனசில் தோன்றியிருக்கிறாளே என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். டீச்சர் பலகையில் கணக்கு எழுதிக்கொண்டே கேட்டார்.

"அம்மாவைப் பாத்தீங்களா?"

"பாத்தோம், டீச்சர்."

"என்ன சொன்னாங்க?"

டீச்சர் திரும்பினார். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஆத்தா எப்படி டீச்சர் பேசும்?" என்றாள் செல்லக்கண்ணு.

அப்போதுதான் டீச்சர் கண்ணில் பட்டது. தங்கத்தின் பின்னலில் ஒரு கொத்து வேப்பிலை. மூன்று பேர் சட்டையிலும் மஞ்சள் தண்ணீர் தெளித்த புள்ளிகள்.

"ரத்தினம் எங்க?"

"வாழை இலையில படுத்திருக்கா, டீச்சர்" என்றாள் ஜைனப். "மூஞ்சி பூரா முத்து. இப்ப இறங்கிடுச்சாம், முதல் தண்ணி ஊத்திட்டாங்களாம். நான் வாசல்லயே நின்னுக்கிட்டேன். செல்லக்கண்ணு திண்ணூறு வாங்கிட்டு வந்துட்டா. தங்கம்தான் அவ பக்கத்துல உக்காந்து விசிறினா. ரத்தினம் கையப் பிடிச்சுக்கிட்டு விடல."

டீச்சரின் கையிலிருந்த சுண்ணாம்புக் கட்டி ஒடிந்தது. குரல் மட்டும் ஒடியவில்லை. மற்றப் பிள்ளைகளை, இன்றைக்கு அரைநாள், மெதுவாகப் படியிறங்குங்கள் என்று அனுப்பி வைத்தார்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே டீச்சர்" என்றாள் செல்லக்கண்ணு, அழுகிற மாதிரி. "அம்மா வந்திருக்கான்னு."

"சொன்ன. நீ சரியாத்தான் சொன்ன. மூணு பேரும் கையைக் காட்டுங்க. கீழே இல்ல, மேல, தோள்கிட்ட."

ஜைனபுக்கு இடது தோளில் நான்கு தழும்பு. கப்பலை விட்டு இறங்கியபோது அம்மை குத்தியது. செல்லக்கண்ணுக்கு இரண்டு. தங்கத்தின் தோள் மழமழவென்று இருந்தது. "இந்தக் கை?" என்றார். அதுவும் மழமழ. மறுபடி இடது கையைப் பிடித்து, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, விரலால் தடவிப் பார்த்தார். குழந்தைக்குக் கூச்சம், நெளிந்து சிரித்தது.

அம்மை குத்துகிற ரவூப் அதே ரோட்டில் ஒரு கொட்டகையில் இருக்கிறார். சர்க்கார் உத்தியோகம். ஒரு தகரப் பெட்டி, அதில் ஊசியும் அம்மைப்பாலும். டீச்சர் குடை இல்லாமல் வெயிலில் ஓட்டமும் நடையுமாக வந்ததைப் பார்த்தே அவர் எழுந்துவிட்டார். சங்கதி முழுவதையும் கேட்டார்.

"மூணு நாளைக்குள்ள குத்திட்டா பெரும்பாலும் ஏறாது, டீச்சரம்மா. ஏறினாலும் உசுருக்கு மோசம் வராது. அதுக்கு மேல போச்சுன்னா நான் குத்தியும் பிரயோசனம் இல்ல. இன்னைக்குப் புதன். வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுது வரைக்கும் இங்க இருப்பேன். அப்புறம் கப்பல் வருது, துறைமுகத்துக்குப் போயிடுவேன்."

"இப்பவே வந்து குத்துங்க. நான் பொறுப்பு."

"தகப்பன் சம்மதம் இல்லாம தொடமாட்டேன். போன மாசம் இப்படித்தான் ஒரு வீட்டுல குத்திட்டேன். பெட்டியைத் தூக்கிச் சாக்கடையில போட்டாங்க. சட்டம் இருக்குன்னு போலீஸ் மாத்தாவைக் கூட்டிட்டு வரலாம். போலீஸ் தொப்பியைப் பாத்தா அந்த மனுஷன் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஜோகூருக்குப் போயிடுவாரு. அப்புறம் நீங்களும் நானும் எங்க தேடுறது?"

ரத்தினம்மா வீட்டைப் பற்றி மேலிடத்தில் சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். சொன்னால் நோயாளியைப் பிரித்துத் தொற்றுநோய்த் தீவுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதனால்தான் சந்தே வாயைக் கட்டிக்கொண்டிருந்தது. ரவூபும் டீச்சரும் அன்று மேலிடத்தில் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் மனசு முழுக்கத் தழும்பில்லாத அந்தத் தோள்தான் இருந்தது.

தங்கத்தின் தகப்பன் மருதப்பன் மாட்டுவண்டி ஓட்டுகிறவர். கேலாங் பக்கம் தேங்காய் ஏற்றப் போயிருந்தார். வியாழக்கிழமை மாலைதான் வந்தார். வியாழன் முழுக்க டீச்சர் நான்கு முறை வண்டிப்பட்டறைக்குப் போய்த் திரும்பினார். ஐந்தாம் முறை, மருதப்பன் மாட்டை வைக்கோலால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க, டீச்சரம்மா. பாப்பா ஏதும் சேட்டை பண்ணிச்சா?"

"பாப்பா பண்ணல. தப்பு பண்ணினது நான்" என்றார் டீச்சர்.

வாழ்நாளில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. வந்தபிறகு நிற்கவில்லை. செல்லக்கண்ணு சொன்னது, தான் திருத்தியது, மாலை கொடுத்து அனுப்பியது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். மருதப்பன் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"ஆத்தாவைப் பாத்துட்டு வந்திருக்கு. அதுல என்ன தப்பு?"

"தங்கத்துக்கு அம்மை குத்தணும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள."

வைக்கோல் நின்றது. மருதப்பன் கையை உதறிவிட்டு, வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து நின்றார். கோபப்படுவார் என்று டீச்சர் நினைத்தார். அவர் கோபப்படவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"தங்கத்துக்கு முன்னாடி எனக்கு ஒரு பய இருந்தான், டீச்சரம்மா. நாகப்பட்டினத்துல. சர்க்கார் ஆளுங்க வந்து குத்துனாங்க. நல்லதுக்குத்தானேன்னு நானே மடியில வச்சுப் பிடிச்சுக் குடுத்தேன். கை வீங்குச்சு, சீழ் பிடிச்சுச்சு, காய்ச்சல் வந்துச்சு. பதினோராம் நாள் கொண்டுபோய்ப் பொதைச்சேன். அவன் அம்மா அந்த ஏக்கத்துலயே போய்ச் சேந்தா. எனக்கு இருக்கிறது இது ஒண்ணு."

டீச்சர் எதையோ சொல்ல வாயெடுத்தார். ஊசி சுத்தமாக இருக்கும், ரவூப் நல்லவர் என்றெல்லாம் சொல்ல வந்தார். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"ஆத்தாவா வந்து கூட்டிட்டுப் போனா அது அவ இஷ்டம். நானாப் பிடிச்சுக் குடுத்துப் போச்சுன்னா, அது என் கை" என்றார் மருதப்பன்.

மாடு வாலைச் சுழற்றி டீச்சரின் சேலையில் ஈரத்தை அடித்தது. அவர் நகரவில்லை.

"போகாம நீங்க இப்படி நிக்கிறீங்க" என்றார் மருதப்பன் கடைசியில். "ஒண்ணு செய்வோம். நாளைக்கு வெள்ளிக்கிழமை. காளி கோயில்ல பூக் கேப்போம். ஒரு பொட்டலத்துல வெள்ளைப் பூ, ஒண்ணுல செவப்பு. பாப்பா எடுக்கட்டும். வெள்ளை வந்தா ஆத்தா உத்தரவு குடுத்துட்டான்னு அர்த்தம், நானே மடியில வச்சுப் பிடிக்கிறேன். செவப்பு வந்தா நீங்க அப்புறம் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது."

"சரி."

"பொட்டலத்தை நீங்களே கட்டுங்க. பண்டாரம் எனக்கு வேண்டப்பட்டவரு. அவரு கட்டி செவப்பு வந்தா உங்க மனசுல ஒரு சந்தேகம் நிக்கும். அது வேணாம்."

எவ்வளவு நேர்மையான மனிதர் பாருங்கள். எதிராளிக்குச் சந்தேகம் வரக் கூடாது என்று சீட்டுக் கட்டையே எதிராளி கையில் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு டீச்சர் காளி கோயிலுக்கு வந்தார். அந்த வாசலை இருபது வருஷமாகத் தினம் இரண்டு வேளை கடந்து போகிறவர். ஒருநாளும் உள்ளே கால் வைத்ததில்லை. மடத்தில் பழக்கிய பழக்கம், அந்தப் பக்கம் தலைகூடத் திரும்பாது. இன்றைக்குச் செருப்பை விட்டுவிட்டு மண்டபத்தில் ஏறினார். தரை குளிர்ந்திருந்தது. சாம்பிராணிப் புகையில் சனம் நெருக்கியடித்தது. சிலுவையைக் கண்டு இரண்டு பெண்கள் முணுமுணுத்தார்கள். மதில் வாசலுக்கு வெளியே, தெருவோரத்தில், ரவூப் தகரப் பெட்டியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துறைமுகத்துக்குப் போக ரிக்‌ஷா பேசி நிறுத்தியிருந்தார்.

தங்கம் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தலைக்குக் குளித்து, புதுப்பாவாடை கட்டி, என்னவோ திருவிழா என்ற சந்தோஷத்தில் இருந்தாள். டீச்சர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. இன்னும் இல்லை.

பண்டாரம் பூக்கூடையையும் இரண்டு வாழைச் சருகையும் வாழை நாரையும் டீச்சரிடம் கொடுத்தார். "யாரும் பாக்கப்படாது. தூணுக்கு அந்தாண்ட போய்க் கட்டிட்டு வாங்கம்மா."

டீச்சர் தூணுக்குப் பின்னால் போனார். கூடையில் நந்தியாவட்டையும் செவ்வரளியும் கலந்து கிடந்தன. ஒரு நந்தியாவட்டையை எடுத்துச் சருகில் வைத்து மடித்து நாரைச் சுற்றினார். இரண்டு முறை முடிச்சு நழுவியது. அடுத்து அரளியை எடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பாதிக்குப் பாதி. பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக் கொடுக்கும்போது மாம்பழத்தை வெட்டிக் காட்டுவார். மாம்பழத்தைப் பாதியாக்கலாம். குழந்தையைப் பாதி உயிரோடு வைத்துக்கொள்ள முடியுமா? சிவப்பு வந்தால் அந்த மனிதர் சொன்ன சொல் மாறமாட்டார். நான்தானே அனுப்பினேன், நான்தானே அனுப்பினேன் என்று டீச்சரின் மனசு அடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் நிற்கிறவர் தம்மை நம்பிப் பொட்டலம் கட்டச் சொன்னவர் என்பதும் அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்தார். அரளியைக் கூடையில் போட்டார். இன்னொரு நந்தியாவட்டையை எடுத்து இரண்டாவது சருகில் வைத்து மடித்தார். இந்தமுறை முடிச்சு ஒரே தடவையில் விழுந்தது.

திரும்பி வந்து, உள்ளங்கைக்கு ஒன்றாக இரண்டு பொட்டலத்தையும் நீட்டிக்கொண்டு மண்டியிட்டார். மணி அடித்தது. மருதப்பன் கண்ணை மூடி, உதடு துடிக்க ஏதோ வேண்டிக்கொண்டார். தங்கம் டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். வகுப்பில் சரியான விடையைத் தேடுகிறபோது பார்க்கிற அதே பார்வை. டீச்சர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

குழந்தை வலது கையில் இருந்ததை எடுத்தது. பண்டாரம் நாரை அவிழ்த்தார். வெள்ளை.

மருதப்பனிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அழுகையா, சிரிப்பா என்று சொல்ல முடியாத மூச்சு. தரையில் விழுந்து கும்பிட்டு எழுந்தார். சுற்றி நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். தங்கத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பியவர், நினைத்துக்கொண்டு நின்றார்.

"அந்த இன்னொண்ணையும் குடுங்க, டீச்சரம்மா. செவப்பு மனுஷங்க கையில தங்கக் கூடாது. பிரிச்சு ஆத்தா காலடியில போட்டுட்டுப் போயிடுவோம்."

கையை நீட்டினார். பண்டாரமும் பார்த்தார். பெண்களும் பார்த்தார்கள்.

டீச்சரின் இடது கை மூடிக்கொண்டது. வலது கை வந்து அதன்மேல் சேர்ந்தது. இரண்டு கைகளும் நெஞ்சுக்கு ஏறின. பொட்டலம் உள்ளங்கைகளுக்கு நடுவே நசுங்க, கழுத்தில் சிலுவை தொங்க, அன்னம்மா டீச்சர் காளிக்கு நேராகக் கும்பிட்டபடி கண்ணை மூடினார்.

மருதப்பன் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வேதக்காரம்மா ஆத்தாவிடம் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேச அவருக்கு மனசு வரவில்லை. "அவங்க கும்பிடட்டும். அவங்களே போட்டுடுவாங்க" என்று பண்டாரத்திடம் மெல்லச் சொல்லிவிட்டு, மகளோடு வாசலைப் பார்த்து நடந்தார்.

பெண்கள் கலைந்தார்கள். உச்சிக்கால மணி அடித்து ஓய்ந்தது. டீச்சருக்கு முழங்கால் மரத்துப்போயிற்று, விரலிடுக்கில் பூவின் பால் பிசுபிசுத்தது. வெளியே ரவூபின் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து தங்கம் வீரிட்டு அழும் சத்தம் கேட்கும்வரை, கூப்பிய கையை அவர் பிரிக்கவில்லை.